தமிழ்நாட்டில் மகப்பேறு இறப்புத் தணிக்கை

மகப்பேறு இறப்புத் தணிக்கை என்பது ஒரு தாயின் இறப்புக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளை வரிசையாக ஆராய்ந்து, அவை மீண்டும் நேராதிருக்கச் செய்யவேண்டிய மாற்றங்களைத் திட்டமிடும் முறை ஆகும். கருவுற்ற காலத்திலோ, அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கருவுறுதல் தொடர்பான காரணத்தால் நேரும் இறப்பு மகப்பேறு இறப்பு எனப்படுகிறது. மருத்துவமனைகளின் தர மேம்பாட்டு முறைகளுள் இது முதன்மையான ஒன்றாகும்.

வரலாறு

இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய ஆய்வு 1952 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றது. தமிழ்நாட்டில் 1994 இல் தொடங்கிய இத்தணிக்கை, 2004 இல் கட்டாயமாக்கப்பட்டது. இந்திய நடுவண் அரசு 2010 இல் நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

செயல்முறை

இறப்பு குறித்த தகவல் 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும். பின்னர் மருத்துவக் குறிப்பேடுகள் ஆராயப்படும். குடும்பத்தாரிடம் நடந்தவை கேட்டறியப்படும். மாவட்ட அளவில் மாவட்ட ஆட்சியர் தலைமையிலும் ஆய்வுக் கூட்டம் நடைபெறும்.

தேடியசு, மெய்ன் ஆகியோர் 1994 இல் முன்வைத்த "மூன்று தாமதங்கள்" என்னும் பகுப்பு இவ்வாய்வுக்குப் பயன்படுகிறது. செஞ்சி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மகப்பேற்றுக்குப் பின் ஒரு பெண்ணுக்குக் குருதிப்போக்கு ஏற்படுவதாகக் கொள்வோம். மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்றடைவதில் ஏற்படுவது இரண்டாவது. சென்றடைந்த பின் குருதியோ மருத்துவரோ கிடைக்கப் பெறாது காத்திருத்தல் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பதால், இறப்பின் மருத்துவக் காரணத்தை மட்டும் பதிவுசெய்தல் போதாது.

தொடர்புடைய மாற்றங்கள்

இக்காலப்பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை அமர்த்தி 24 மணி நேரமும் மகப்பேறு பார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அறுவை சிகிச்சை, குருதி வசதி கொண்ட அவசரகால மகப்பேறு மையங்கள் (சீமாங் மையங்கள்) உருவாக்கப்பட்டன. 108 அவசர ஊர்திச் சேவை 2008 இல் தொடங்கியது.

அளவீடு

மாதிரிப் பதிவு முறையின்படி, ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் நேர்ந்த மகப்பேறு இறப்புகள்:

* 2001-03: 134 (இந்தியா 301)
* 2004-06: 111 (இந்தியா 254)
* 2018-20: 54 (இந்தியா 97)

இக்குறைவு தணிக்கையால் மட்டும் நேர்ந்ததன்று; மேற்கண்ட வசதிகளுக்கும் பெண்கல்விக்கும் இதில் பங்குண்டு.

இவ்விகிதத்தைக் கொண்டு ஒரு தனி மருத்துவமனையை மதிப்பிட இயலாது. ஒரு இலட்சத்துக்கு 54 எனில், ஆண்டுக்கு 2,000 மகப்பேறு நிகழும் மருத்துவமனையில் ஏறத்தாழ ஓர் இறப்பே எதிர்பார்க்கப்படும். அந்த ஓர் இறப்பு நேராதிருத்தல் தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே அறுவை சிகிச்சை தொடங்க ஆன நேரம், குருதி கையிருப்பு, மகப்பேற்றுக்குப் பின் குருதியழுத்தம் பார்க்கப்பட்டோர் விழுக்காடு போன்றவற்றை மாதந்தோறும் கண்காணித்தல் பயன்தரும்.

சிக்கல்கள்

தணிக்கை தண்டனையாக மாறினால், ஊழியர் அச்சத்தால் குறிப்பேட்டைத் திருத்தவும், இடர்மிக்க நோயாளியைத் தம்மிடம் இறவாதிருக்கும் பொருட்டு வேறிடத்துக்கு அனுப்பவும் கூடும். அவ்வாறு அனுப்புதலே இரண்டாவது தாமதத்தைக் கூட்டும். கேரளத்தில் 2004 இல் தொடங்கிய மகப்பேறு இறப்பு ஆய்வு, பெயர்களை வெளியிடாது இரகசியமாக நடத்தப்படுவது இதனாலேயே. மறுபுறம், யாரும் பொறுப்பேற்காத தணிக்கையால் குடும்பத்தாருக்கு விடை கிடைக்காது. இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பது இம்முறையின் முதன்மையான சவாலாகும்.