டீக்கடையில் தனி டம்ளர் கொடுத்தால் என்ன தண்டனை? யாரிடம் புகார் சொல்லலாம்?

ஒரே டீ, ஒரே விலை. ஆனா ஒருத்தருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருத்தருக்குத் தேங்காய்ச் சிரட்டை. இப்படிச் சாதி பார்த்துப் பாத்திரத்தைப் பிரிப்பதுதான் 'இரட்டைக் குவளை முறை'.

இதெல்லாம் அந்தக் காலம்னு நினைக்கிறீங்களா? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூருக்கு ஆட்சியர் ஆய்வுக்குப் போனபோது, அங்கிருந்த டீக்கடையில் இந்தப் பழக்கம் இருப்பது தெரியவந்தது. கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது.

சட்டம் என்ன சொல்கிறது?

கடை, ஓட்டல், பொது உணவகம் எதற்குள்ளும் சாதி, மதம், பாலினம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15-வது பிரிவு. 17-வது பிரிவு தீண்டாமையையே ஒழித்துவிட்டது. இதை மீறினால் தண்டிக்க இரண்டு சட்டங்கள் இருக்கின்றன.

* குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955: தீண்டாமையின் பேரில் ஓட்டலுக்குள் விடாமல் தடுப்பது, அங்குள்ள பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, பொருள் விற்க மறுப்பது எல்லாமே குற்றம். 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, கூடவே 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம்.

* எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை தடுப்புச் சட்டம், 1989: 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தில், பொது இடத்தில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் வன்கொடுமையாகச் சேர்க்கப்பட்டது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பொதுவாக முன்ஜாமீன் கிடைக்காது.

பொருள் தர மறுத்த குற்றம் நிரூபணமானால், கடையின் உரிமத்தை ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

பேப்பர் கப் கொடுத்தால் தப்பிக்கலாமா?

எல்லாருக்கும் பேப்பர் கப் என்றால் பிரச்சினையே இல்லை. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் கொடுத்துவிட்டு, பட்டியலின மக்களுக்கு மட்டும் கப் நீட்டினால்தான் சிக்கல். 'நான் டீ கொடுத்தேனே' என்று கடைக்காரர் சொல்லித் தப்ப முடியாது. டீ கிடைத்ததா என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை. எல்லாருக்கும் வைத்திருக்கும் கிளாஸ் இவருக்கும் கிடைத்ததா என்றும் கேட்கிறது.

யார் நிரூபிக்க வேண்டும்?

'சாதி பார்த்துத்தான் செய்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்வி வரும். பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையின் பேரில் நடந்ததாகவே 1955 சட்டப்படி நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

ஓட்டலில் சமத்துவம்: பழைய போராட்டங்கள்

ஒரு காலத்தில் தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்கள் சாப்பிடத் தனி இடம் இருந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல் அது நீக்கப்பட்டது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் நீக்கப்பட்டது.

புகார் கொடுப்பது எப்படி?

* எந்த நேரமும் 14566 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்யலாம். இது வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண்.

* காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வன்கொடுமைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

* வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும்.

* புகாரை வேண்டுமென்றே பதிவு செய்யாத, பட்டியலினத்தைச் சேராத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை.

* மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுக்கலாம். மாவட்ட கண்காணிப்புக் குழுவின் தலைவர் அவர்தான்.

பாதிக்கப்பட்டவர்தான் புகார் சொல்லணுமா?

அவசியமில்லை. கண்ணால் பார்த்த யாரும் தகவல் கொடுக்கலாம். இதுதான் முக்கியம். கூலி வேலை, கடன், மளிகை எல்லாத்துக்கும் அதே ஊர்க்காரர்களையே நம்பி இருக்கும் குடும்பம், ஒரு டீ டம்ளருக்காகப் புகார் கொடுக்கத் தயங்கும். பக்கத்து பெஞ்சில் கண்ணாடி கிளாஸில் டீ குடிப்பவருக்கு அந்தப் பயம் அவ்வளவு இருக்காது. 14566-க்கு அவரும் போன் பண்ணலாம்.