ஐம்பது ரூபாய்க்கு ரெண்டு மாசம்

"அபராதம் கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம் சிறை." பேப்பர்ல இந்த மாதிரி வரியைப் படிக்காத ஆள் எங்க குமாரபாளையத்துல இருக்க மாட்டாங்க. அந்தத் "தவறினால்" எங்கேருந்து வந்துச்சுன்னு நோண்டிப் பார்த்தா 1860-ல போய் நிக்குது மக்களே.

இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 67. அபராதம் மட்டுமே தண்டனையா உள்ள குற்றத்துக்குப் பணம் கட்டலைன்னா, 50 ரூபாய் வரைக்கும் அதிகபட்சம் ரெண்டு மாசம் உள்ள. 100 வரைக்கும் நாலு மாசம். அதுக்கு மேல எவ்வளவா இருந்தாலும் ஆறு மாசம். 1860-ல 50 ரூபாய் பெரிய காசு. அது டீச்செலவா தேஞ்ச பிறகும் அந்த எண்ணை யாரும் தொடலை. புரோகிராம்ல இப்படி ஒரு எண்ணை ஹார்ட்கோட் பண்ணிட்டுப் போன ஆளை ஆபீசுல நாங்க வருஷக்கணக்கா திட்டுவோம். இது 164 வருஷம் ஓடியிருக்கு :-) 2024 ஜூலை 1-ல பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்பதான் 50 போய் 5,000, 100 போய் 10,000 ஆச்சு. கையோட அந்த ஆறு மாசத்தை ஒரு வருஷமா ஏத்தியும் விட்டுட்டாங்க.

வசூலிக்க வேற வழியும் உண்டு. 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 421-ஆம் பிரிவுப்படி சொத்தை ஜப்தி பண்ணலாம், இல்லேன்னா கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வாங்கலாம். சரி, அடுத்தவர் விசைத்தறியில வாரக்கூலிக்கு ஓட்டறவர்கிட்ட எதை ஜப்தி பண்றது? தறி ஓனரோடது, வீடு வாடகை, வாங்கின முன்பணம் தலைக்கு மேல. மிச்சம் உடம்புதான். 424-ல தவணை இருக்கு. ஆனா ரெண்டு, மிஞ்சினா மூணு. அதுவும் கோர்ட் மனசு வச்சாத்தான். புதுச் சட்டத்துலயும் இதேதான். சனிக்கிழமை கூலி வாங்கறவருக்கு வாரத்தவணை தோதுப்படும்னு பாத்திரம் விக்கறவருக்குத் தெரியுது, சட்டம் எழுதினவங்களுக்குத் தெரியலை.

பெரிய இடத்துலயும் இதே கதவுதான். சொத்துக்குவிப்பு வழக்குல சசிகலா, சுதாகரன் ரெண்டு பேருக்கும் நாலு வருஷம், தலா 10 கோடி அபராதம், கட்டலைன்னா இன்னொரு வருஷம். 2017-ல உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணுச்சு. சசிகலா பணத்தைக் கட்டி 2021 ஜனவரியில வெளிய வந்தார். சுதாகரன் கட்டலை; அக்டோபர் வரைக்கும் உள்ள இருந்தார்.

2023-ல மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்குன்னு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. அபராதம் கட்ட வழியில்லாதவருக்கு 25,000 ரூபாய் வரைக்கும் அரசே கட்டும். நல்ல விஷயம்தான். ஆனா விதிக்கறதும் அரசு, கட்டறதும் அரசுன்னா, அந்தத் தொகையை எந்தக் கணக்குல போட்டாங்க? பின்லாந்துல 1921-லயே ஆளோட ஒருநாள் வருமானத்தை வச்சு அபராதம் போட ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம கோர்ட்ல "உனக்கு வாரக்கூலி எவ்வளவுப்பா?"ன்னு கேக்கச் சொல்லி ஒரு பாரம்கூடக் கிடையாது.