உடலில் தேங்கும் நீர்: இதயச் செயலிழப்பை மனிதர் அறிந்த வரலாறு

மழை பொய்க்கும் காலத்தில் ஜமாஅத்தார் திடலில் கூடித் தொழும் தொழுகைக்கு ‘இஸ்திஸ்கா’ என்று பெயர். தண்ணீர் வேண்டுதல் என்பது அதன் பொருள். அரபு மருத்துவர்கள் இதே சொல்லை ஒரு நோய்க்கும் வழங்கினர். நோயாளியின் காலும் வயிறும் நீர் கோத்து வீங்கும். ஆயினும் அவர் தாகத்தால் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த வீக்கம் பலருக்கு இதயத்தின் தளர்ச்சியால் வருகிறது என்பது தெளிவாக நெடுங்காலம் ஆயிற்று.

இதயத்தின் நடுச்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே இரத்தம் வலப்புறமிருந்து இடப்புறம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் கூறியிருந்தார். கெய்ரோவில் பணியாற்றிய இப்னு நஃபீஸ், 1242-இல் எழுதிய உரையில் இதை மறுத்தார். சுவரில் துளையில்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்றார். 1924-இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி, ஜெர்மனியில் இருந்த கையெழுத்துப் படியை ஆராய்ந்து இதை உலகறியச் செய்தார். உடல் முழுவதும் சுழலும் இரத்த ஓட்டத்தை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார்.

நாஞ்சில் நாட்டு உழவருக்கு இந்நோயை விளக்குவது எளிது. கீழ்மடை அடைபட்டால் மேல்வயலில் நீர் தேங்கும். இதயம் இரத்தத்தை முன்தள்ள இயலாமல் தளரும்போது, நுரையீரலிலும் கால்களிலும் நீர் தேங்குகிறது. இது மாரடைப்பு அன்று. ஆனால் மாரடைப்புக்குப் பின்னரும், நீடித்த இரத்த அழுத்தத்தாலும் நீரிழிவாலும் வரக்கூடும்.

1785-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், ஒரு செடியின் இலையால் இவ்வீக்கம் வடிவதை நூலாக வெளியிட்டார். 53 ஆண்டுகளுக்குப் பின், 1838-இல், நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கி நவீன மருத்துவம் நம் மண்ணில் கால் பதித்தது. 1956 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. இன்றும் பெருநோய்க்குத் திருவனந்தபுரம் செல்வோர் நம்மில் பலர். அம்மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013-இல் இந்நோயுடன் சேர்ந்த 1,205 பேரின் விவரம் தொகுக்கப்பட்டது. அவர்களின் சராசரி வயது 61. ஓராண்டுக்குள் பத்தில் மூவர் இறந்தனர்.

ஆகவே அறிகுறியை முன்னரே அறிவது உயிர் காக்கும். உளூச் செய்யக் கால் கழுவும்போது வீக்கம் தெரிந்தால், முன்காலெலும்பின் மேல் பெருவிரலால் சில நொடி அழுத்துங்கள். குழி நிலைத்து நின்றால் அங்கே நீர் தேங்கியுள்ளது. பள்ளிவாசலுக்கு நடக்கையில் வழியில் நின்று மூச்சு வாங்குதல், தலையணையை உயர்த்தினாலன்றி உறங்க இயலாமை, நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருதல், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுதல் ஆகியனவும் அறிகுறிகளே. ருகூவிலும் ஸுஜூதிலும் குனிந்தவுடன் மூச்சுத் திணறுவோர் உண்டு. குனிந்தால் வரும் இத்திணறலுக்கு மருத்துவ ஏடுகள் 2014-இல்தான் தனிப்பெயர் இட்டன. நாமோ, “வயதாகிவிட்டது” என்று பெரியவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுக் காரணத்தைக் கேட்காமல் விடுகிறோம்.

சிறுநீரகம், கல்லீரல் நோய்களாலும் கால் வீங்கலாம். எனவே மருத்துவரே இசிஜி, எக்கோ பரிசோதனைகளால் உறுதி செய்ய வேண்டும். ஓய்விலும் மூச்சுத் திணறினால், நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். நோய் உறுதியானவர்கள் கருவாடு, ஊறுகாய், அப்பளத்தின் உப்பைக் குறைக்க வேண்டும். நீர் பிரியும் மாத்திரை உண்போர் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது நம் மார்க்கம்.

அல்லாஹ் நோயை இறக்கியபோது அதற்கான நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அந்த நிவாரணத்தை உரிய நேரத்தில் தேடுவது நம் கடமை. வல்ல நாயன் நம் பெற்றோருக்கும் பெரியோருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக, ஆமீன்.