எல்லைக்கல்லும் அரசு வழக்கறிஞரும்

1990களின் தொடக்கத்தில் என் அப்பா ஒரு கொலை வழக்கில் சாட்சி. பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தோம். தறியில் கோர்வைப் புடவை. கோர்வை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; மூன்று நாடா ஓடும்; கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒருத்தர் எழுந்து போனால் இரண்டு பேர் கூலியும் போச்சு. சம்மன் வந்த நாளெல்லாம் தறி நின்றது. விடியற்காலை பஸ் ஏறிப் போவார், வராந்தாவில் நிற்பார், ராத்திரி வாய்தா தேதியோடு திரும்புவார். "கவர்மெண்ட் வக்கீலு நல்ல மனுஷன்தான். ஆனா நம்ம தெரு எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியல. கிழக்கு எது மேற்கு எதுன்னு என்னையே கேக்கறாரு" என்று அம்மாவிடம் சொன்னது ஞாபகமிருக்கிறது.

அந்த வழக்கு என்னாயிற்று என்பதல்ல இங்கே விஷயம். ஒரு அரசு வழக்கறிஞருக்கு இவ்வளவு நிலப்பரப்பு என்று அளந்து கொடுத்தது யார், எதற்காக என்பதுதான் என் கேள்வி.

பார்க்கப்போனால் அந்த அளவு குற்றத்துக்காக அளந்ததே அல்ல. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலம்தான் பிற்பாடு செங்கல்பட்டு ஜில்லா ஆயிற்று. வரி வசூலுக்குப் போட்ட கோடு. கலெக்டரின் எல்லையே கோர்ட்டின் எல்லை, கோர்ட்டின் எல்லையே அரசு வழக்கறிஞரின் எல்லை என்றாகிவிட்டது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதைத் தொடவில்லை. 24ஆம் பிரிவின்படி மாவட்டத்துக்கு ஒரு அரசு வழக்கறிஞர். செஷன்ஸ் நீதிபதியைக் கலந்துகொண்டு பெயர்ப்பட்டியல் தயாரிப்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். நியமிப்பது மாநில அரசு. வரி வாங்க வந்த நாற்காலியிலிருந்தே நீதியின் குரலும் புறப்படுகிறது.

அந்தச் சட்டம் ஒன்றை மாற்றியது. அதற்கு முன் கீழ்க்கோர்ட்டுகளில் போலீஸ்காரரே வழக்கு நடத்துவது பரவலாக இருந்தது. பிடித்தவரே வாதாடுவது சரியல்ல என்று சட்டக் கமிஷன் தன் 14ஆவது அறிக்கையில் 1958இலேயே சொல்லியிருந்தது. போலீசிடமிருந்து பிரித்தார்கள். ஆட்சியிலிருந்து பிரித்தார்களா?

1997இல் மாவட்டம் இரண்டாகி காஞ்சிபுரத்தின் பெயரிலேயே ஒரு மாவட்டம் வந்தது. எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். ஆனால் முதன்மை செஷன்ஸ் கோர்ட் செங்கல்பட்டிலேயே இருந்தது. பெயர்ப்பலகை வந்தது, கோர்ட் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2004ஐப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 3ஆம் தேதி வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் கோயில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நவம்பரில் சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். 2005இல் உச்ச நீதிமன்றம், தமிழக அரசு நடந்துகொண்ட விதத்தைக் காரணம் காட்டி வழக்கைச் செங்கல்பட்டிலிருந்து புதுச்சேரிக்கு மாற்றியது. உடனே ஒரு தகராறு முளைத்தது: அரசு வழக்கறிஞர் யாருடைய ஆள்? கொலை நடந்த மாநிலத்தின் ஆளா, விசாரணை நடக்கிற இடத்தின் ஆளா? 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வழக்கு எங்கே போனதோ அந்த அரசுதான் நியமிக்க வேண்டும், செலவு தமிழகத்தினுடையது. 189 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிறழ்சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27இல் 23 பேரும் விடுதலை. தீர்ப்பை நான் இங்கே மறுவிசாரணை செய்யவில்லை. ஆனால் ஒரு கொலை நடந்திருக்கிறது. அதைச் செய்தவர் யார் என்று எந்த எல்லைக்குள்ளும் நிரூபிக்கப்படவில்லை.

அப்படியானால் தூரம்தான் தப்பா? அவசரப்பட வேண்டாம். ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் முன்பு சாட்சி சொன்னவர்கள் மறுபடி கூப்பிடப்பட்டு மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்பு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. 2003இல் வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட இதுவும் ஒரு காரணம். அங்கே பக்கத்திலிருந்த வழக்கறிஞரைவிட தூரத்து வழக்கறிஞரே நம்பிக்கைக்குரியவரானார். பிறகு மேல்முறையீட்டில் தமிழக அரசு நியமித்தவருக்கு ஆஜராகும் அதிகாரமே இல்லை என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது.

மறுபக்கம், 'பக்கத்தில்' என்பதையே கொள்கையாக்கியவர்கள் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் 1990களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் ஹைன்ஸ் தன் அலுவலகத்தை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்தார். குற்றவகை வாரியாக அல்லாமல் பேட்டை வாரியாக வழக்கறிஞர்கள். தெருவும் தெரியும், சாட்சியையும் தெரியும். என் அப்பாவுக்குப் பிடித்திருக்கும். ஆனால் அதே அலுவலகம் தண்டனை வாங்கித் தந்த பல வழக்குகள் பொய்த்தண்டனை என்று பின்னால் அம்பலமாயின. தெருவைத் தெரிந்திருப்பது வேறு, தெருவுக்குப் பதில் சொல்வது வேறு. ஒரு வித்தியாசம் மட்டும்: அங்கே அந்தப் பதவிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். 2013இல் ஹைன்ஸைத் தோற்கடித்தார்கள்.

இப்போது நம்மூருக்கு வருவோம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 20ஆம் பிரிவில், மாவட்டந்தோறும் வழக்கு நடத்தும் இயக்ககம் அமைக்க வழிசெய்கிறது. எல்லை மறுபடி சுருங்குகிறது, அலுவலகம் கிட்டே வருகிறது. நல்லதுதான். ஆனால் கோவில் நகரத்தில், முதலாளியும் கட்சியும் மடமும் ஒரே வீதியில் புழங்குகிற ஊரில், யாருக்குக் கிட்டே?

பாதிக்கப்பட்டவருக்கு இதில் ஒரு வார்த்தை சொல்ல இடமிருக்கிறதா என்று தேடினால் ஓரிடம் தட்டுப்படுகிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, நான்காவது விதி: பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட மாஜிஸ்திரேட் ஒரு மூத்த வழக்கறிஞரை அமர்த்தலாம். 'அமர்த்தலாம்' என்றுதான் இருக்கிறது, 'அமர்த்த வேண்டும்' என்றில்லை. இருந்தாலும் நிலத்தின் பெயரால் அல்லாமல் மனிதரின் விருப்பத்தின் பெயரால் அரசு வழக்கறிஞர் வருவதற்கு ஒரு சந்து அது. தலித் இயக்கங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான். இதை ஏன் எல்லா வழக்குக்கும் கேட்கக் கூடாது? பட்டியல் தயாரிக்கும்போது அந்தப் பெயர்களை ஊர் ஏன் பார்க்கக் கூடாது? சாட்சி சொல்லப் போகிறவனின் தறிக்கூலி ஏன் வழக்குச் செலவில் சேரக் கூடாது?

அப்பா கடைசி வாய்தாவுக்குப் போய்வந்த ராத்திரி சாப்பிட்டுவிட்டு நேரே தறிக்குழியில் இறங்கினார். கரைக்கு நாடா தள்ள ஆளில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.