வன்னியின் குளமும் காடும்: காப்புணர்வின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் வன்னிமைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அடங்காப்பற்று என்ற பெயரும், 1803ஆம் ஆண்டில் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயரைத் தாக்கி விரட்டிய பண்டாரவன்னியனின் வீரமும் பெற்ற கவனத்தை, அம்மண்ணின் குளங்களும் காடுகளும் பெறவில்லை. ஆயினும் வன்னி மக்களின் வாழ்வை நூற்றாண்டுகளாகத் தாங்கி நின்றவை அவையே. அவற்றை யார் காத்தனர், யார் அழித்தனர் என்ற வினாவுக்கு ஆட்சியாளர் தரப்பிலிருந்து 19ஆம் நூற்றாண்டு தொட்டு ஒரே விடையே கூறப்பட்டு வருகின்றது: குடியானவன் அழிப்பவன், அரசு காப்பது. இவ்விடை வன்னியைப் பொறுத்தவரை எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நிலவியல்பினை நோக்குவோம். வன்னி உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றினாலேயே கிடைக்கின்றது. எஞ்சிய மாதங்கள் வறண்டவை. கனகராயன் ஆறு, பாலி ஆறு, பறங்கி ஆறு, பேராறு ஆகியன மாரியில் பெருகிக் கோடையில் மணற்படுக்கையாகிவிடுவன. எனவே மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாத வாழ்வுக்குரியதாக மாற்றும் கருவியொன்று இன்றியமையாததாயிற்று. அக்கருவியே குளம். குளத்துக்கு நீர் தருவதும், கரைக்கு வலுத் தருவதும், நீரேந்தும் பரப்பை மண் நிரப்பாது தடுப்பதும் காடு. பாலையும் முதிரையும் கருங்காலியும் வீரையும் செறிந்த காடும், அதனிடையே மருத மரங்கள் நிழல் செய்யும் குளக்கட்டும் இரு வேறு பொருள்களல்ல. ஒரே அமைப்பின் இரு கூறுகளாகும்.

இக்குளங்கள் தனித்து நிற்பனவுமல்ல. மேற்குளத்தின் வான் பாயும் நீரும் அதன் வயல்களிற் கழியும் நீரும் கீழ்க்குளத்தைச் சென்றடைய, ஒரு சிற்றாற்றின் வழியே பல குளங்கள் தொடராக அமைந்துள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியராக விளங்கிய சி. எம். மத்தும பண்டார 1985ஆம் ஆண்டில் இத்தொடரமைப்பினை ஆராய்ந்து விளக்கினார். உலர்வலயத்தின் இக்குளத்தொடர் முறையினை உலக உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண்மை மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அறிஞர் பின்னர் பெயரிட்டு விளக்கியதை வன்னிக் கமக்காரர் முன்னரே தம் நடைமுறையிற் கொண்டிருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அந்நடைமுறை வெறும் தொழில்நுட்பமன்று, ஓர் ஒழுங்குமாகும். குளக்கட்டில் மண் போடுவதும், வாய்க்கால் துப்புரவாக்குவதும் வயலுரிமையின் அளவுக்கேற்பப் பங்கிடப்பட்ட கடமைகள். துருசு திறக்கும் நாளைத் தனியொருவர் தீர்மானிப்பதில்லை. நீர் குறைந்த ஆண்டில் குளத்துக்கு அண்மையான ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அதனையே யாவரும் பங்கிட்டுக்கொள்வர். குளக்கட்டிலே ஐயனாரும் பிள்ளையாரும் குடிகொண்டனர். கோயிலைச் சூழ்ந்த மரங்களில் கோடரி படாமைக்குத் தெய்வ அச்சம் காவலாக நின்றது. குளம் உடைந்தால் அயலான் வயலும் தன் வயலும் ஒருங்கே அழியும் என்ற அறிவே இவ்வொழுங்கின் அடித்தளம். இதனை அறவுணர்வு என்பதினும் உரிமையோடு பிணைந்த பொறுப்புணர்வு என்பதே பொருந்தும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியம். பழமையைப் பொற்காலமாக்கிக் காட்டுவது வரலாறாகாது. வன்னிக் காடுகள் செழித்து நின்றமைக்கு மக்களின் காப்புணர்வு மட்டுமே காரணமன்று. போர்களும் மலேரியாக் காய்ச்சலும் குடிகளைக் குறைத்தமையும் பெருங்காரணமாகும். காட்டின் நடுவே உடைந்த குளக்கட்டுகளும் தூர்ந்த துருசுகளும் இன்றும் காணப்படுகின்றன. நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய குளங்கள் பலவற்றை ஆராய்ந்து எழுதினார். இவை உணர்த்தும் உண்மை யாது? கன்னிக்காடு என்று கருதப்படும் இடங்கள் பல ஒருகால் வயல்களாக இருந்தவை. மனிதன் விலகியபோது காடு திரும்பிற்று. மனிதன் திரும்பியபோது காடு வழிவிட்டது. இவ்வாறு மாறிமாறி வந்த உறவினையே பிரித்தானியச் சட்டம் புரிந்துகொள்ளத் தவறியது.

அச்சட்ட வரலாறு சுருக்கமாக நோக்கத்தக்கது. கோல்புறூக்கின் பரிந்துரையின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியமை நன்றேயெனினும், குளங்களைப் பேணிய கூட்டுழைப்புக்கு இருந்த ஆணைவலுவும் அதனுடன் நீங்கிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம் யாவும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை எனக் கொண்டது. உறுதி எழுதும் வழக்கமற்ற குடியானவனால் மறுதலையை நிரூபித்தல் எளிதன்று. சேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியாக இருந்தபோது, 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நீர்ப்பாசனம் பற்றிய பழைய ஊர்வழக்கங்களுக்கு மீண்டும் சட்டவலு அளித்தது. அரசு தான் சிதையவிட்ட ஒழுங்கினைக் கால் நூற்றாண்டு கழியுமுன்னரே தேடிச் சென்றமைக்கு இது சான்றாகும்.

காட்டைப் பொறுத்தவரை இத்தகைய மீள்சிந்தனை ஏற்படவில்லை. 1882இல் வெளியான வின்சென்ரின் காட்டறிக்கையைத் தொடர்ந்து 1885இல் வனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனிடத்தைப் பெற்றது. ஒதுக்கிய காடு என்னும் புதிய வகை தோன்றிற்று. விறகும் வேலிக்கம்பும் தேனும் மெழுகும் ஊரவர் இயல்பாகப் பெற்ற பொருள்கள்; அவை இப்போது அனுமதிச்சீட்டுக்குரியனவாயின. சேனைச் செய்கை காட்டழிவின் தலையாய காரணமெனக் கண்டிக்கப்பட்டது. மக்கள் அருகி, ஒருமுறை பயிரிட்ட சேனை நெடுங்காலம் காடு பற்ற விடப்பட்ட நாளில் அக்கண்டனம் முழுமையான நியாயமுடையதன்று. இடைவெளி குறுகிய பிற்காலத்தில் அது பெரிதும் பொருந்தும் என்பதையும் மறுத்தலியலாது. எனினும் அதே அரசு முதிரையையும் கருங்காலியையும் வணிகப் பொருளாகக் கருதியது. குடியானவன் வெட்டினால் குற்றம், அரசு வெட்டினால் வருமானம் என்ற நிலையில், காட்டுக் காவல் என்பது மக்கள் மனத்தில் காட்டைக் காப்பதாகவன்றி, மக்களிடமிருந்து காட்டைக் காப்பதாகவே பதிந்தது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்கள் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கைநூல், அக்கால வன்னியைக் கூர்ந்து பதிவுசெய்த அரிய ஆவணம். ஆயினும் அதுவும் ஆட்சியாளன் ஒருவனின் பார்வையே என்பதை மறத்தலாகாது.

20ஆம் நூற்றாண்டு குடியேற்றத்தின் காலமாகும். 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1920களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா தணிந்தமையும் வன்னியின் வாயிலைத் திறந்தன. வவுனிக்குளமும் முத்தையன்கட்டுக் குளமும் திருத்தப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்றோரும், விசுவமடு போன்ற இடங்களிற் படித்த வாலிபரும், 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்தோரும் காடு வெட்டிக் குடியேறினர். அவர்களுக்குக் காடு வெட்டுதல் அழிவுச் செயலன்று, உயிர்வாழும் முயற்சி. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வன்னிமண் பொன் விளைத்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அவ்விளைச்சலின் விலை வீழ்ந்தது. சந்தையின் ஏற்றவிறக்கமும் காட்டின் எல்லையை நகர்த்தும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

பின்னர் வந்த முப்பதாண்டுப் போர்க்காலத்திற் காடு பாதுகாப்பரணாகவும் போர்க்களமாகவும் ஆயிற்று. பதுங்குகுழிக் காப்புக்குப் பாலையும் முதிரையும் வீழ்த்தப்பட்டன. வீதியோரக் காடுகள் அழிக்கப்பட்டன. மறுபுறம், 1990களின் பின் வன்னியின் பெரும்பகுதியை ஆண்ட விடுதலைப் புலிகளின் நிருவாகம் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தி மரநடுகையை மேற்கொண்டது. எனினும் அச்சத்தால் நிலைபெறும் காவல், அச்சுறுத்தும் ஆட்சி நீங்கியதும் நிலைப்பதில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 2009இல் போர் முடிவுற்றபோது, செட்டிகுளத்திற் காடழித்து அமைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தனர். காப்பைப் பற்றி எண்ணும் நிலையில் மக்களுமில்லை, காடுமில்லை.

மீள்குடியேற்றத்தின்போதுதான் 1840ஆம் ஆண்டின் வரலாறு வேறு வடிவிற் திரும்பிற்று. ஆண்டுக்கணக்காகக் கைவிடப்பட்ட வயல்களிலும் மேட்டுக்காணிகளிலும் பற்றைக்காடு வளர்ந்திருந்தது. திரும்பியோர் பலர் தம் காணிகளில் வனத்திணைக்களத்தினதும் வனசீவராசிகள் திணைக்களத்தினதும் எல்லைக்கற்களைக் கண்டதாக முறையிட்டனர். உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் போரில் அழிந்திருந்தன. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. வலசைப் பறவைகளுக்கு அது அரிய புகலிடம்; காக்கப்படவேண்டியதே. ஆனால் தாம் கலந்தாலோசிக்கப்படாது வரையப்படும் எல்லையை மக்கள் காப்பின் எல்லையாகக் காண்பதில்லை; பறிப்பின் எல்லையாகவே காண்கின்றனர். மறுபுறத்தில், எஞ்சிய காடுகளை வனத்திணைக்களத்தின் பொறுப்பிலிட்ட 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை 2020 நவம்பரில் நீக்கப்பட்டபோது, காடுகள் வேற்றார் கைக்குப் போகுமெனச் சூழலியலாளர் எதிர்த்தனர். அவ்வச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

நீரைப் பற்றிய விவாதமும் இத்தகையதே. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் 2010இல் தொடங்கிய குடிநீர்த்திட்டம் இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லக் கருதியது. சிறுபோகத்தில் வயல்களின் ஒரு பகுதிக்கே நீர் போதுமான நிலையில், கிளிநொச்சிக் கமக்காரர் அமைப்புகள் இதனை எதிர்த்தன. குடாநாட்டின் நிலத்தடிநீர் உவர்ப்பதும் மாசுறுவதும் உண்மை. வன்னிக் கமக்காரனின் அச்சமும் உண்மை. இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டு, தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. கமக்காரர் காட்டிய எதிர்ப்பினைத் தன்னலமென ஒதுக்குவோர், துருசு திறக்கும் நாளைக் கூடித் தீர்மானித்த பழைய உரிமையின் தொடர்ச்சியே அது என்பதைக் காணத் தவறுகின்றனர்.

ஆயின் மக்கள் தரப்பின் குறைகளையும் மறைத்தல் தகாது. ஆற்றுப்படுக்கைகளில் மணல் அள்ளப்படுகின்றது. முதிரை களவாக வெட்டப்படுகின்றது. குளங்களின் அலைகரை அடைக்கப்பட்டுக் கட்டடங்கள் எழுகின்றன. இவற்றில் வெளியார் மட்டுமன்றி ஊராரும் பங்குகொள்கின்றனர். வேலையின்மையும் அரசியற் செல்வாக்கும் இதற்குத் துணைநிற்கின்றன. காடு சுருங்க யானை ஊர் புகுகின்றது. காவற்குடிலில் விழித்திருக்கும் கமக்காரனிடம் யானைக் காப்பின் மேன்மையை எடுத்துரைத்தல் எளிதன்று.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. வன்னி மக்கள் தமக்கு உரிமையும் சொல்வலுவும் இருந்தவற்றைக் காத்துள்ளனர்; அவை பறிக்கப்பட்டவற்றில் அக்கறை இழந்துள்ளனர். குளம் ஊருடையதாக இருந்தது; ஆதலின் குளக்காவல் ஓரளவு இன்றும் நிலைக்கின்றது. காடு அரசுடையதாயிற்று, ஆதலின் காட்டுக்காவல் ஊரவர் பொறுப்பாகவில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்டத்தில் இடமளித்துள்ளது. குளத்தோடு அதன் நீரேந்து காட்டையும் காக்கும் பொறுப்பும், அக்காட்டின் பயனில் உரிய பங்கும் அவ்வமைப்புகளுக்கு அளிக்கப்படுதல் வேண்டும். எல்லைக்கல் நாட்டுமுன் ஊரவரோடு நடந்து எல்லை காணும் முறையும் வேண்டும். குளமும் காடும் ஒரே அமைப்பு என்பதை மண் நமக்குக் கற்பித்துள்ளது. சட்டமும் அதனைக் கற்கும் நாளிலேயே வன்னியின் மாரி வீணாகாது.