யோகமும் இந்து சமயமும்: ஒரு வரலாற்று நோக்கு

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மலேசியத் தேசிய ஃபத்வா மன்றம், முஸ்லிம்கள் யோகப் பயிற்சியில் ஈடுபடுதல் கூடாது என அறிவித்தது. உடலசைவுகளோடு இந்து சமயக் கூறுகளும் மந்திரமும் கலந்துள்ளன என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். சில நாள்களில், மந்திரம் ஓதாத உடற்பயிற்சிக்குத் தடையில்லை என அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி விளக்கமளித்தார். யோகம் வெறும் உடற்பயிற்சியே, சமயத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் மறுமொழியும் அவ்வேளையில் எழுந்தது. வாதத்தில் வெல்வதற்கு அம்மறுமொழி உதவலாம். ஆயினும், அதனை ஏற்பதற்கு முன் தமிழாசிரியர் சற்றுத் தயங்க வேண்டியுள்ளது.

தோற்றத்தைக் கொண்டு யோகத்தை ஒரு சமயத்திற்கே உரியதாக்க இயலாது என்பது உண்மையே. பதஞ்சலியின் யோகசூத்திரம் ஈசுவரனைச் சுட்டினும் கோயில் வழிபாட்டைப் பேசவில்லை. அதன் ஏறத்தாழ 195 நூற்பாக்களுள் ஆசனத்தை விளக்குபவை மூன்றே. சமணரான ஹரிபத்திரர் யோகபிந்து என்னும் நூலை இயற்றினார். அடயோகப் பயிற்சிகளைக் கூறும் நூல்களுள் மிகப் பழையதாக இன்று கருதப்பெறும் அமிர்தசித்தி, 11ஆம் நூற்றாண்டளவில் வச்சிரயான பௌத்தச் சூழலில் தோன்றியது என்பது அண்மைக்கால ஆய்வின் முடிபு.

எனினும், பல சமயத்தார்க்கும் பொதுவாக இருந்தது என்பதும் சமயமே சாராதது என்பதும் ஒன்றல்ல. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இயமம் முதல் சமாதி ஈறாக எட்டு உறுப்புகளையும் விரித்துரைக்கின்றது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் யோகத்தை மூன்றாம் படியாக வைத்த சைவ மரபு, அதன் பேறாகச் சாரூபத்தைக் கூறிற்று. மூச்சை அடக்குதல் அங்கு உடல்நலத்தின் பொருட்டு மட்டும் அன்று. இறைவனின் திருவுருவைப் பெறுதற்குரிய நெறி. இப்பகுதியை வகுப்பில் நலவாழ்வுக் குறிப்பாக மட்டும் விளக்கிச் செல்வோமாயின், நூலின் நோக்கத்தையே மறைத்தவராவோம்.

இந்நாட்டோடு நேர்த்தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. பத்தமடையில் 1887இல் பிறந்த மருத்துவர் குப்புசாமி, 1913 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் மலாயாவில் பணியாற்றினார். பின்னர் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சிவானந்தர் எனப் பெயர்பெற்று, 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆசனப் பயிற்சிக்கு மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த முறையோடு சிவானந்தர் மரபும் ஓர் ஊற்றாகும். மருத்துவம் பயின்ற அவர் அன்பர்களுக்கு வகுத்தளித்த இருபது சாதனை நெறிகளில் ஆசனமும் செபமும் ஒரே வரிசையில் இடம்பெற்றுள்ளன.