பேழையில் வந்த பெண்கள்

காதற்கதைகளையும் மாயக்கதைகளையும் விரும்பிப் படிப்பவர் பலர். விரும்பிப் படித்தேன் என்று சபையிலே சொல்பவர் சிலர். திருக்குறளுக்கு உரை கண்டவர் யாவர் என்று கேட்டால் உரத்த குரலில் விடை கூறும் நாம், பறக்கும் குதிரையும் பேசும் தலையும் வருகின்ற ஒரு கதையை நேற்றிரவு விளக்கணைக்காமல் படித்து முடித்தோம் என்பதை மட்டும் மறைத்துக்கொள்ளுகிறோம். இன்று அந்த மறைப்பை விட்டுப் பேச எண்ணுகிறேன். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டிலே வழங்கிவரும் பழைய அற்புதக் கதைகளையும், அச்சுப்பொறி வந்தபின் ஈழத்திலே தமிழில் எழுந்த முதல் நாவல்களையும் அருகருகே வைத்துப் படித்தபொழுது, வாசகர் ஒருவருக்கு உண்மையாகத் தோன்றியவற்றைக் கூறுவதே என் நோக்கம்.

முதலில் ஆடகசவுந்தரியின் கதையை எடுத்துக்கொள்வோம். ஏடுகளிலே கிடந்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்னும் நூலை எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962ஆம் ஆண்டிலே அச்சிட்டு வெளிப்படுத்தினார். ஆடகசவுந்தரியின் வரலாறு அந்நூலிலும் திருக்கோணமலையைப் பற்றிய பழைய நூல்களிலும் வருகின்றது. விவரங்கள் ஏட்டுக்கு ஏடு வேறுபடும். கதையின் எலும்பு மட்டும் ஒன்றே. பாரத நாட்டு மன்னன் ஒருவனுக்குப் பெண் பிறக்கிறது. இவளால் நாட்டுக்குக் கேடு விளையும் என்று சோதிடர் உரைக்கின்றனர். தந்தை குழந்தையைப் பேழையிலிட்டுக் கடலிலே விடுகின்றான். பேழை ஈழத்துக் கரையை அடைகின்றது. கண்டெடுத்து வளர்த்த மன்னனுக்குப் பின்னர் உன்னாசகிரியிலிருந்து அவளே அரசாளுகின்றாள். அக்காலத்திலே குளக்கோட்டன் என்பான் கடல் கடந்து வந்து திருக்கோணமலையிலே கோணேசருக்குக் கோயில் எடுப்பிக்கின்றான். தன் நாட்டுக்குள் அந்நியன் ஒருவன் புகுந்து கற்றளி கட்டுவதைக் கேள்வியுற்ற அரசி என்ன செய்கின்றாள்? அவனைத் துரத்திவிடுமாறு மந்திரியையும் படையையும் அனுப்புகின்றாள்!

நேயர்களே, இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காதற்கதை என்றால் நாயகி சாளரத்தருகே நின்று பெருமூச்சு விடுவாள் என்று பழகிப்போன கண்ணுக்கு, படை அனுப்பும் நாயகி புதுமையாகத் தோன்றினாள். ஆயினும் உள்ளதை மறைப்பதற்கில்லை. போர் எண்ணம் காதலாக மாறித் திருமணம் நிறைவேறியதும் கதை என் கையிலிருந்து நழுவிவிட்டது. இன்ன கோயிலுக்கு இன்னார் ஊழியம், இன்ன குடிக்கு இன்ன வரிசை என்று நூல் செல்லத் தொடங்குகிறது. மணப்பந்தலிலிருந்து நேரே கணக்கப்பிள்ளையின் மேசைக்கு வந்து சேர்ந்ததுபோல இருந்தது. இதற்காக ஏடெழுதியவரைக் குறை கூறுதல் தகாது. கோயில் உரிமைகளையும் குடிகளின் முறைமைகளையும் நிலைநாட்டுவதே அந்நூல்களின் பயன். காதல் அவற்றுக்கு முன்னுரையாய் அமைந்தது.

மேலும், கந்தளாய்க் குளத்தைப் பூதங்கள் கட்டின என்னும் செய்தியும் இக்கதைத் தொகுதியைச் சேர்ந்ததே. வரலாற்றாசிரியர்கள் அக்குளத்தை 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி என்னும் மன்னனோடு தொடர்புபடுத்துவர். அந்த அணையைக் கண்ணாற் கண்டவர்கள் பூதங்களைச் சொன்ன கிராமத்தவரைப் பார்த்து நகைக்கமாட்டார்கள்.

இரண்டாவது பேழை கண்ணகியினுடையது. சிலப்பதிகாரத்திலே இப்பேழை இல்லை. மட்டக்களப்புக் கண்ணகை அம்மன் ஆலயங்களிலே வைகாசித் திங்களிற் பாடப்பெறும் ‘கண்ணகி வழக்குரை’யில் உண்டு. பாண்டியன் நாட்டிலே மாங்கனியிலிருந்து தெய்வக் குழந்தை தோன்றுகிறது. இவளால் மதுரைக்கு அழிவு வரும் எனச் சோதிடர் கூற, குழந்தையைப் பேழையில் வைத்து நீரிலே விட்டுவிடுகின்றனர். வணிகர் கையிற் கிடைத்து அவள் வளர்கின்றாள். இளங்கோவடிகள் காட்டிய கண்ணகி கணவனுக்கு நீதி கேட்டு மதுரை புகுகின்றாள். வாவிக்கரைக் கண்ணகியோ தன்னைத் தூக்கியெறிந்த ஊருக்கே திரும்பிச் செல்கின்றாள். வழக்கு ஒன்றுதான் எனினும் அதன் கனம் வேறாகிவிடுகிறது.

மாய விருந்துக்கும் அந்நூலிலே குறைவில்லை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டுமென்று மீகாமன் கப்பலேறிப் புறப்படுவதும், வழியிலே வெடியரசனோடு பொருவதும் கூறும் ‘கடலோட்டு காதை’யை ஆழ்கடல் வீரக்கதை என்றே சொல்லலாம். இங்கும் என் மனத்திற் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். போர் வருணனை எனக்கு நீளமாகத் தோன்றிற்று. ஆனால் அதனை ஒருவர் தனித்திருந்து கண்ணாற் படிப்பதற்காக எவரும் பாடவில்லை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் போன்ற ஊர்களின் ஆலய முன்றிலிலே, குளிர்த்திச் சடங்கை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் கூட்டத்தின் செவிக்காகப் பாடப்பட்டது அது. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் இந்நூலைப் பதிப்பித்ததனால் நாம் அதை நாற்காலியிலிருந்து படிக்கிறோம். நீளம் என்ற குறை நாற்காலியினால் வந்த குறையாகவும் இருக்கலாம்.

இந்நாட்டு மக்கள் கதையைக் கேட்டதோடு நின்றாரல்லர், ஆடியும் பார்த்தனர். கொம்புமுறி விளையாட்டிலே ஊர் இரண்டு சேரிகளாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி இரு திறத்தாரும் இழுப்பர். ஒரு கொம்பு முறியும்வரை ஓயார். கணவன் மனைவி பிணக்கை ஊரே கயிறு பிடித்து இழுத்துத் தீர்க்கும் இவ்வழக்கத்துக்கு இணையாகக் காதற்கதைப் பரப்பிலே வேறொன்றை நான் அறியேன். கூத்துக் களரியிலும் இதே நாட்டம் தெரியும். வடமோடிக் கூத்துக்கள் பெரும்பாலும் பாரத, இராமாயணப் போர்களைச் சார்ந்தவை. தென்மோடிக் கூத்துக்கள் காதலையும் கற்பனை அரசர்களையும் சார்ந்தவை. அவற்றுள் ஒன்றான ‘அலங்காரரூபன் நாடக’த்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962இல் பதிப்பித்தார்.

பேழையிலே குழந்தை மிதந்து வருதல் உலகத்துக்குப் பொதுவான கதைக்கூறுதான். குந்தி கன்னனைப் பெட்டியிலிட்டு ஆற்றிலே விட்டாள். கிரேக்கர் கதையிலே தானே என்பவளையும் அவளுடைய ஆண்மகவையும் அவள் தந்தையே பெட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தான். அவ்விரண்டிலும் திரும்பி வந்து வீரம் புரிபவன் மகன். வாவி நாட்டிலோ இருமுறையும் மகளே மிதந்து வருகின்றாள், மகளே ஆற்றலோடு நிற்கின்றாள். குடி என்பது தாய்வழியாக இறங்குவதும், வீடும் வளவும் பெண்ணுக்குச் சேர்வதும், மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும் மட்டக்களப்பின் பழைய முறைமை. அந்த மண்ணிலே தந்தை கைவிட்ட பெண் அரசியாகவும் தெய்வமாகவும் கரையேறுவது தற்செயலன்று என்பது என் கருத்து. இதனை எண்பித்துக் காட்ட ஏடு எதுவும் என்னிடம் இல்லை. படித்தவர் மனத்திலே எழுந்த ஊகம் என்றே கொள்க.

இனி அச்சுக் கதைகளுக்கு வருவோம். கண்டியிலே பிறந்த சித்திலெப்பை அவர்கள் 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திர’த்தை ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் கொள்வர். எகிப்து நாட்டு உயர்குடியிற் பிறந்த ஆண்குழந்தை களவாடப்பட்டுப் பம்பாயிலே வளர்ந்து, கல்கத்தாவைக் கண்டு, முடிவிலே பிறந்த நாட்டை அடைந்து பெற்றோரைச் சேர்கின்றது. எகிப்தின் விடுதலைக்காகக் கிளர்ந்தெழுந்த அராபி பாஷா 1883இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தவர் என்பதையும், அவரோடு சித்திலெப்பை நட்புப் பூண்டவர் என்பதையும் நினைந்து படித்தால் இக்கதையின் சூடு விளங்கும். அந்நினைவு இல்லாமற் படிப்பவர்க்கு ஊர்விட்டு ஊர் ஓடும் ஓட்டமே மிஞ்சும்.

1891இல் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி அவர்கள் ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்டார். 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரஞ்சு மொழியில் அச்சேறி ஐரோப்பா முழுதும் உலவிய பழங்கதையின் தமிழ் வடிவம் இது. பழிசுமத்தித் துரத்தப்பட்ட அரசி காட்டிலே இரட்டை ஆண்மகவை ஈன்றெடுக்க, ஒருவனைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கின்றது. மற்றவன் அரசவையிலே வளர்கின்றான். பறக்கும் மரக்குதிரையும் உண்மை உரைக்கும் பித்தளைத் தலையும் அம்மூலக்கதைக்கு உரியவை. எனக்கு இக்கதையிலே மிகப் பிடித்தவன் பேச்சறியாத காட்டுச் சகோதரனே. அவன் பேசக் கற்று வாள் ஏந்தியபின் மற்ற வீரர்களுள் ஒருவனாகிவிடுகின்றான். அவர்களைப் பெற்ற தாயோ இராட்சதன் ஒருவன் கோட்டையிலே நெடுங்காலம் தங்கிக் காத்திருக்கின்றாள். காத்திருத்தலைத் தவிர அவளுக்குப் பெரிய வேலை தரப்படவில்லை.

நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இவ்விரு நாவல்களிலும் தொலைந்துபோகும் குழந்தை ஆண். தேடிவந்து குலத்தை மீட்பவனும் அவனே. ஆலய முன்றிலிலே நூற்றாண்டுக் கணக்காகப் பாடப்பட்ட பேழைப் பெண் அச்சுக்கூடத்தின் வாயிலிலே நின்றுவிட்டாள். 1895இல் திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை அவர்கள் ‘மோகனாங்கி’யை எழுதியபொழுது பெண்ணின் பெயர் நூலின் தலைப்புக்கு வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் போற்றப்படும் அது, சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை நாயக்கர் மகளையும் பற்றியது. தஞ்சை மன்னர் விசயராகவர் மகளைத் தர மறுத்ததும், அதனால் மூண்ட போரிலே 1673இல் அவர் மடிந்ததும், அந்தப்புரம் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டு அங்கிருந்த பெண்கள் அழிந்ததும் வரலாறு. அந்த இளவரசி தான் என்ன எண்ணினாள் என்று வரலாறு கேட்கவில்லை. அவளுக்கு ஒரு நெஞ்சம் உண்டு என்று கருதிக் கதை கட்டிய துணிவுக்காகவே நான் சரவணமுத்துப்பிள்ளையை வணங்குவேன்.

வரலாற்றுக் காதற்கதை பின்னர் கல்கி அவர்களின் கையிலே பெருவெள்ளமாயிற்று. 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னை ஈழத்து வாசகர் தம் நாட்டுக் கதைபோலவே படித்தனர். அதன் ஒரு பகுதி ஈழத்திலே நிகழ்கின்றது அன்றோ? மட்டக்களப்பு வாவிப்புறம் அதில் வருவதில்லை என்பது சிறு வருத்தமே. படகோட்டும் பூங்குழலியை வாவிக்கரையார் ஒருவர் தம் ஊர்ப் பெண்ணாகக் கொள்வதற்குத் தடையில்லை. ஆயினும் என்னை உலுக்கியவள் மந்தாகினி. தீவிலே வாழ்ந்து, கடலிலே குதித்து, இறந்தாள் என்று கருதப்பட்டு, மீண்டு வந்தவள். பேழைப் பெண் திரும்பிவிட்டாள் என்றே மகிழ்ந்தேன். அவளுக்கு நீர் கிடைத்தது, நாக்குக் கிடைக்கவில்லை. ஊமையாகவே அவளைப் படைத்தார் கல்கி. வழக்குரைத்த கண்ணகியின் பாட்டைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அந்த மௌனம் எளிதில் ஆறுவதன்று.

நீரிலிருந்து வரும் பெண்ணுக்குக் குரலையும் கொடுத்தவர் ஒருவர் உண்டு. காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லிலே சுரங்களை எண்ணாலும் கணக்காலும் அளந்து காட்டியவர். நிலவு நாளிலே கல்லடிப் பாலத்தருகே வாவியினடியிலிருந்து எழும் இன்னொலியைப் பற்றிப் பாட நேர்ந்தபொழுது, நீரர மகளிர் இசைக்கின்றனர் என்றே அவர் பாடினார். அதே ஒலியை 1848இலே அங்குக் கேட்ட இலங்கைக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் தெனன்ற், இஃது எதன் ஒலி என்று அவ்வூர் மீனவரை வினவியதைத் தம் நூலிலே எழுதியுள்ளார். மீனவர் மாயம் எதுவும் கூறவில்லை. ஊரி என்னும் சிப்பி அழுகின்றது என்று சொல்லிவிட்டனர். கணக்கறிந்த துறவி மகளிரைக் கண்டார், வலைவீசுகின்றவர் சிப்பியைக் கண்டனர். சிப்பியையே நம்புகின்றேன். ஆனால் அடிகளின் பாடலைத்தான் மறுமுறையும் எடுத்துப் படிக்கின்றேன்.